பொய்த் திறப்பு

முதல் பூட்டு ஹட்டன் பஸ் நிலையத்தில்
விரித்த சாக்கின்மேல் கிடந்தது.
முந்நூறு ரூபாய், இரண்டு சாவியோடு.
சாவிகளை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினேன்.

கொழும்பு பஸ்காரன் கழற்றி எறிந்த
வைப்பரின் உள்தகட்டை மடித்தேன், திருகிப் பிடிக்க.
உடைந்த வாளலகை அரத்தால் ராவினேன், தடவிப் பார்க்க.
மூன்றே ஊசி.
பல் குத்துகிற மாதிரிக் கிளறினேன்.
ஐந்தாம் நாள் தானாக வாயைத் திறந்தது.
எப்படி என்று தெரியவில்லை,
அதனால் கொப்பியில் எழுதவில்லை.

நான் நானுஓயாவில்
மரக்கறி லொறிகளுக்குக் கணக்கெழுதுகிறவள்.
லீக்ஸ் இத்தனை கிலோ, கழிவு இத்தனை.
தெரியாமல் வந்ததை
வரவில் வைக்கிற பழக்கம் இல்லை.

இரண்டாவதற்கு நாலு ஊசி.
கிளறலுக்கு மசியவில்லை.
ஒவ்வொன்றாகத் தொட்டு, எது இறுகியிருக்கிறதென்று கேட்டு,
அதை மட்டும் தூக்க வேண்டும்.
ஜனவரியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது
விரலுக்குக் காது கேட்பதில்லை.
பிளேன்டீக் கோப்பையை இரு கையாலும் பொத்திக்கொண்டு
காது திரும்பும்வரை உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது
நளீம் நானாவின் பழைய இரும்புக் குவியலில் கிடந்த பித்தளை.
"திறப்பு இல்லாத பூட்டு எதுக்கு தங்கச்சி?"
"இல்லாததுக்குத்தான் நானா."
நிறுத்துத்தான் தந்தார்.

எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்:
அடுத்தவர் பூட்டைத் தொடுவதில்லை.
காவல் நிற்கிற பூட்டை,
என்னுடையதானாலும், தொடுவதில்லை.

நாலாவது பொய் சொல்லும்.
ஊசிகளுக்கு நூலுருண்டை மாதிரி ஒடுங்கிய இடுப்பு.
உருளை கொஞ்சம் திரும்பும்,
வந்துவிட்டது என்று கை துள்ளும்.
வந்திருக்காது.
கிரேட் வெஸ்டர்னில் சிக்னலுக்கு நிற்கிற கோச்சிபோல
அங்கேயே நிற்கும்.
அமுக்கினால் இன்னும் இறுகும்.
செய்ய வேண்டியது, பிடியை விடுவது,
முழுக்க அல்ல, ஒரு மயிரிழை.
உருளை பின்னால் வரும்,
தூக்கிவைத்ததில் பாதி விழும்,
விழ விட வேண்டும்.
இதற்கு மூன்று மாதம் பிடித்தது.
கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம்
எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

புரட்டாசி மழையில் ஒருநாள்
பக்கத்து வீட்டுத் தவமலர் கதவைத் தட்டினாள்.
கடைக்குப் போய் வந்தவளின் சாவி
கானில் விழுந்து தண்ணியோடு போய்விட்டது.
உள்ளே கேஸ் அடுப்பில் பருப்பு.

அவள் பூட்டைப் பார்த்ததும் தெரிந்தது,
என் முதல் பூட்டின் கூடப்பிறந்தது.
மேசையில் வைத்தால் பத்து விநாடி.
அவள் பிடித்த டோர்ச் நடுங்க,
என் சட்டம் தலைக்குள் நனைய,
ஏழு நிமிடம் ஆயிற்று.
பருப்பு அடிப்பிடித்திருந்தது,
வீடு பிடிக்கவில்லை.
என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
பிறகு அந்தக் கைகளையே பார்த்தாள்.

மறுநாள் அவள் கதவில் புதுப் பூட்டு.
நீலம், என் உள்ளங்கை அகலம்,
குரங்குக்குட்டி தொங்குகிற மாதிரி.
பைப்படியில் முதலில் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்,
பிறகுதான் சிரித்தாள்.

அந்தக் கம்பனியை எனக்குத் தெரியும்.
உடம்புதான் பெரிது,
உள்ளே அதே நாலு ஊசி,
கொப்பியில் இருக்கிறது: பதினொரு விநாடி.
சொல்லவா?
சொன்னால் நாளைக்கு இதைவிடப் பெரிதாக வாங்குவாள்,
நாளன்றைக்கு நாய் வளர்ப்பாள்.
"நல்ல பூட்டு," என்றேன்.

மேசையில் ஆறு ஊசிக்காரன்,
ஏழு மாதமாக.
இன்றும் பாதி திரும்பி நின்றான்.
ஒரு மயிரிழை விட்டேன்.
எல்லாம் விழுந்தது.

கொப்பியில் எழுதினேன்:
மழை. கை சூடு. ஐந்துவரை போயிற்று.
திறக்கவில்லை.